முனிராஜைக் குத்திய ஆணி

மரச்சட்டம் ஒன்றின் மேல் படுக்கவைத்துத்தான் முனிராஜைக் கொண்டுவந்தார்கள். கம்பெனிகளில் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் போடுவார்களே, பேலட் என்று, அது. சூளகிரிப் பக்கம் அதைச் செய்யும் கட்டைப் பட்டறையில்தான் அவருக்கு வேலை. கட்டை ஏற்றும் குட்டியானை வண்டியின் பின்பக்கம் பேலட், அதன்மேல் அவர். ஓசூர் வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் போட்ட சத்தத்தில் வண்டி ஓட்டியவர் நிறுத்தி நிறுத்தித்தான் வந்திருந்தார்.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் நானே வாசலுக்கு ஓடினேன். எனக்கு ஓடுகிற உடம்பும் இல்லை, வயதும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் அப்படி.

முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டை புரட்டிப் புரட்டி உரமேறிய உடம்பு. வலது கை மணிக்கட்டோடு உள்ளே மடங்கிப் போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள், நெஞ்சு, முதுகு என்று சதைகள் இறுகிக்கொண்டே போயின. முதுகு பலகையை விட்டு எழும்பியது. முகமெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று முனகினார்.

"என்னப்பா ஆச்சு?"

கூட வந்த மேஸ்திரி கோவிந்தசாமி முந்திக்கொண்டார். ஊத்தங்கரைக்காரர், பேச்சில் படபடப்பு. "ஆணி குத்திடுச்சுங்க மேடம். நேத்து காலைல. உடனே டிடி ஊசி போட்டாச்சுங்க. நைட்டு கை இழுக்குதுன்னான். இன்னிக்கு உடம்பே இழுக்குது."

ஆணி குத்தியிருக்கிறது. உடம்பு இழுக்கிறது. முதுகு வளைகிறது. மருத்துவக் கல்லூரியில் தூங்கி வழிந்த மாணவன்கூட இந்த மூன்றையும் கேட்டால் ஒரே பெயரைத்தான் சொல்வான். எங்கள் டூட்டி டாக்டர் கார்த்திக் கல்லூரியில் தூங்கியவர் இல்லை. தஞ்சாவூர்ப் பிள்ளை, கெட்டிக்காரர். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"டெட்டனஸ் மேடம்."

நானும் தலையை ஆட்டினேன்.

பெங்களூரில் ஒரு படுக்கை

எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. பிரசவம் பார்ப்போம், எலும்பு கட்டுவோம், டெங்குவோடு மல்லுக்கட்டுவோம். வெண்டிலேட்டர் அப்போது எங்களிடம் இல்லை. டெட்டனஸ் வந்தவருக்கு எந்த நேரத்தில் தொண்டை இறுகி மூச்சு நிற்கும் என்று சொல்ல முடியாது. கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து, இருட்டு அறையில் வாரக்கணக்கில் மயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அத்தனையும் செய்தும் பிழைக்காதவர்கள் உண்டு.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு என் கல்லூரித் தோழி ஹேமாதான் தலைவி. போன் போட்டேன். "உடனே அனுப்புடி, ஒரு படுக்கை இருக்குது" என்றாள். ஆம்புலன்சுக்குச் சொன்னோம். மற்ற ஏற்பாடுகளைக் கார்த்திக் பார்த்துக்கொண்டார்.

முனிராஜின் மனைவி ரத்னம்மா ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர். பாலித்தீன் கூரைக்குள் பூப்பறித்துக்கொண்டிருந்தவரை யாரோ டூவீலரில் அழைத்து வந்திருந்தார்கள். முழங்கை வரை முள் கீறல். கையுறையைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார்.

நான் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தில் துளை, குழாய், மயக்கம், உயிருக்கு ஆபத்து. ஒளிக்கவில்லை. அவர் அழவும் இல்லை, குறுக்கே பேசவும் இல்லை. தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் உங்களிடம் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

எட்டுக்கால் பூச்சியின் வக்கீல்

எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பட்டப்பெயர் இது. வைத்தவர் என் கணவர். காரணம் என் வெளிநோயாளிகள்தான்.

இந்தப் பக்கம் தோலில் என்ன வந்தாலும் பழி ஒரே ஆள் மேல்தான் விழும். இடுப்பைச் சுற்றிக் கொப்புளமாக வந்தால், "எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திடுச்சு மேடம்." பார்த்தால் அக்கி. கழுத்தில் கோடு போட்டதுபோல் பொசுங்கியிருந்தால், "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிடுச்சு." உண்மையில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன வண்டு, தூக்கத்தில் நசுக்கப்பட்டுத் தோலைப் பொசுக்கிவிட்டுப் போயிருக்கும். சீழ் கட்டி வந்தாலும் அதுதான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தூக்கும் ஒருவர், தாடையில் சவரக் கத்தி பட்ட காயத்தைக்கூட எட்டுக்கால் பூச்சி கணக்கில் எழுதப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வருவது இதற்காக இல்லை. ஒரு முறை ஒரு பெண்மணி, விடாத காய்ச்சலோடு வந்தார். தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு. "அது பூச்சிக்கடிங்க, அத விடுங்க. காச்சலுக்கு மருந்து குடுங்க" என்றார். காய்ச்சலுக்கே அந்தப் பொருக்குதான் காரணம். புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத உண்ணி ஒன்று கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ். சரியான மாத்திரை கொடுத்தால் ஓடிப்போகும். சிலந்தி என்று விட்டுவிட்டால் ஆளையே கொண்டுபோகும். அவர் பிழைத்தார், பிழைத்தபிறகு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆகவே யாராவது சிலந்தி என்று ஆரம்பித்தாலே நான் சாட்சி கேட்பேன். "பாத்தீங்களா? புடிச்சீங்களா? கொண்டாந்தீங்களா?" வீட்டுச் சுவரில் இருக்கும் சிலந்திக்கு நம் தோலைத் துளைக்கும் தெம்பே கிடையாது என்று வகுப்பெடுப்பேன். இத்தனை வருடத்தில் நான் விடுதலை வாங்கித் தந்த சிலந்திகள் ஏராளம்.

ஆனால் ஒரே ஒரு கேஸில் சிலந்தி குற்றவாளி. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த காலம். சாலையோரப் புளியமரத்தில் பழம் உலுக்க ஏறியவர் ஒருவர், பொந்தில் கை வைத்துக் கடி வாங்கினார். கடித்ததைத் துண்டில் நசுக்கி எடுத்தே வந்துவிட்டார். உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு இருந்தது. கை சும்மா வீங்கியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறுநாள் உடம்பெல்லாம் சதை பிடித்து இழுக்க வந்து சேர்ந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கெஞ்சாத குறையாக ஊசி மாற்றி ஊசி போட்டுப் பார்த்தேன். நாட்கள் போக அவராகவே தேறிவிட்டார்.

அவர் தேறிவிட்டார், நான் தேறவில்லை. என்ன கடித்தது, ஏன் மறுநாள் இழுத்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். மரப்பொந்தில் வாழும் பெருஞ்சிலந்தி. கடித்தால் உடனே வலி, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பல மணி நேரம் கழித்துச் சதைப்பிடிப்பு ஆரம்பிக்கும். நெஞ்சு, முதுகு, கால் என்று எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். இதற்கென்று முறிவு மருந்து நம் நாட்டில் கிடையாது. சதையைத் தளர்த்தி, வலியைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

படித்து முடித்து மறந்தும் போனேன். பிறகு அப்படி ஒருவரும் வரவில்லை.

ரத்னம்மா கேட்டது

இனி முனிராஜிடம் வருவோம். நான் எழுந்திருக்கப் போகும்போது ரத்னம்மா முதன்முறையாக என்னிடம் வாய் திறந்தார்.

"அது ஊசி போட்டாலும் வருமா மேடம்?"

"நேத்து போட்ட ஊசி இன்னிக்கு வேலை செய்யாதும்மா."

"நேத்து போட்டது இல்ல மேடம். எப்பப் பாத்தாலும் போடுறாங்களே. ஆணி வேலை. அவருக்குக் கைலயோ கால்லயோ குத்தாத மாசம் கெடையாது. குத்தினா கம்பெனில கூட்டிட்டுப் போயி போட்டு உட்டுடுவாங்க. போன பொங்கலுக்குக் கூட போட்டாங்க. அத்தினி போட்டும் வந்துட்டா, அப்பறம் அந்த ஊசி எதுக்கு?"

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

நியாயமான கேள்வி. சூளகிரி வட்டாரத்திலேயே அதிகமாக டிடி ஊசி வாங்கிய உடம்பு முனிராஜுடையதாகத்தான் இருக்கும். அந்த உடம்புக்கு டெட்டனஸ் வருவது மிக மிக அபூர்வம். வந்தாலும் நேற்றுக் காலை குத்தி இன்று வராது. பல நாள் ஆகும். நானும் கார்த்திக்கும் 'ஆணி' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடனே வண்டியை அந்தத் தடத்திலேயே விட்டிருந்தோம்.

வெளியே ஓடி வந்து கோவிந்தசாமியைப் பிடித்தேன். "அந்த ஆணி எங்க?"

"எந்த ஆணிங்க?"

"முனிராஜக் குத்தின ஆணி."

அவர் முழித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அதத்தான் மேடம் நாங்களும் தேடுறோம்" என்றார்.

நடந்தது இது. நேற்று முனிராஜ் ஆணியடிக்கும் இடத்திலேயே இல்லை. ஆள் குறைவு என்று ரம்பத்துக்குக் கட்டை தள்ளப் போயிருக்கிறார். எங்கேயோ பழைய மாந்தோப்பு ஒன்றை வெட்டி, தடித் தடியாக வந்து இறங்கியிருந்த கட்டைகள். அதில் பொந்து விழுந்த ஒரு கட்டையைப் புரட்ட, உள்ளே கை கொடுத்துத் தூக்கியபோது சுருக்கென்று குத்தியது. கையை உதறிக்கொண்டு, "ஆணி இருக்குதுப்பா!" என்று கத்தியிருக்கிறார்.

கட்டைப் பட்டறையில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது. மரத்துக்குள் ஆணி இருந்து ரம்பம் அதில் மோதினால், ரம்பத்தின் பட்டை அறுந்து ஆள் மேல் பாயும். அதனால் ரம்பத்தை நிறுத்தி, இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியை அந்தக் கட்டை முழுவதும் ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றும் சத்தம் போடவில்லை. புரட்டிப் போட்டும் ஓட்டினார்கள். அப்போதும் இல்லை.

"ஆணியே இல்லைன்னா ஏன் ஆணி குத்திச்சுன்னு சொன்னீங்க?"

"அவன் சொன்னான், நாங்க சொன்னோம். எங்க பட்டறைல ஆணிய உட்டா வேற என்னங்க குத்தும்? இருந்தாலும் சந்தேகத்துக்கு அந்தக் கட்டைய அறுக்காம ஓரமா தள்ளி வச்சுட்டோம்."

"கை காயத்துக்கு என்ன பண்ணீங்க?"

"எப்பவும் பண்றதுதாங்க. குத்தின எடத்த சுத்திக் கட்டையால நல்லாத் தட்டி கெட்ட ரத்தத்த எடுத்தோம். அப்பறம் நல்லெண்ணெயில துணிய முக்கி, சுட்டு வச்சோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளே போய்க் கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், கன்றிச் சிவந்து, மேல்தோல் வெந்து கிடந்தது. ஒரு பல் பட்டதா, இரண்டு பட்டதா, ஆணிதானா என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. எல்லோருமாகச் சேர்ந்து பாசத்தோடு சாட்சியை அடித்து, சுட்டு, துடைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு குச்சி, ஒரு புடவை

சாட்சி போனால் என்ன, ஆள் இருக்கிறாரே.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெறுமனே பார்த்தேன். கார்த்திக்குக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் மேடம் வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்.

பிடிப்பு வந்தது. முதுகு வளைந்தது. கத்தினார். போனது. போனபிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. டெட்டனஸ் என்றால் இரண்டு இழுப்புக்கு நடுவிலும் வயிறு பலகையாகவே இருக்கும். "வாயத் தொறங்க முனிராஜ்" என்றேன். அகலமாகத் திறந்தார்.

நாக்கை அழுத்தும் மரக்குச்சி ஒன்றை எடுத்தேன். இது பழைய, எளிய பரிசோதனை. தொண்டையின் பின்சுவரைக் குச்சியால் தொட வேண்டும். டெட்டனஸ் என்றால் தாடை தன்னாலே இறுகி, குச்சியைக் கவ்விக்கொள்ளும். இல்லையென்றால் எல்லோருக்கும் போலக் குமட்டும்.

தொட்டேன். முனிராஜ் கடிக்கவில்லை. "உவ்வே" என்று ஒரு சத்தம். காலையில் குடித்த டீ முழுவதும் என் புடவையில்.

புடவை பாழானதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வேறெப்போதும் இல்லை. "கார்த்திக், பாத்தீங்களா!" என்று கூவியே விட்டேன். கார்த்திக்கின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது. "அப்ப என்ன மேடம் இது?"

"கடி. மரப்பொந்துல இருந்த ஏதோ ஒண்ணு கடிச்சிருக்குது. எனக்கு என்னன்னு தெரியும்னு நெனைக்கிறேன்."

கடி என்ற சொல் வெளியே கசிந்ததுதான் தாமதம், பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் பாம்பு என்றார்கள். பாம்பு மருந்தைப் போடச் சொல்லி ஒரே ரகளை. கட்டுவிரியன் கடித்தாலும் தடம் தெரியாது என்பது உண்மைதான். அதையும் பார்த்தோம். இமை தொங்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்தோம். மற்ற விரியன்கள் கடித்தால் ரத்தம் உறையாது; இது ஒழுங்காக உறைந்தது. பாம்பு மருந்து இவருக்கு உதவாது, ஒத்துக்கொள்ளாமல் போனால் கெடுதலும் செய்யும். போட மாட்டேன் என்றேன். இதயத்துக்கு ஈசிஜி எடுத்தோம், அதுவும் சரி.

வாசலில் ஆம்புலன்ஸ்

அந்த நேரம் பார்த்துத்தான் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கவே இல்லை. "சீக்கிரம் ஏத்துங்க மேடம், அத்திப்பள்ளில டிராபிக் ஆயிடும்."

ஹேமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் போட்ட சத்தம் காரிடார் முழுவதும் கேட்டிருக்கும்.

"சிலந்தியா? ஏய், நீ என்ன வெளையாடுறியா? தப்பா இருந்து தொண்டை இறுகிட்டா என்னடி பண்ணுவ? உன்கிட்ட வெண்டிலேட்டர் இருக்கா?"

"இல்ல."

"அப்பறம்?"

"சாயங்காலம் வரைக்கும் குடு. கொஞ்சம் மோசமானாலும் அனுப்பிடுறேன். வண்டி வாசல்லயே நிக்கும்."

"வண்டி இங்க வந்து சேர்றதுக்குள்ள உயிரு போயிடும்டி" என்றாள். பிறகு அவளே இறங்கி வந்தாள். "சாயங்காலம் வரைக்கும்தான் பெட்ட வச்சிருப்பேன்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தேவையில்லாமல் ஒருவர் கழுத்தில் துளை போடுவதும் அநியாயம். தேவைப்படும்போது போடாமல் விடுவது அதைவிட அநியாயம். நடுவில் நான் நின்றேன்.

ரத்னம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆம்புலன்சை நிறுத்தியிருக்கிறேன் என்றும், ஏன் என்றும் சொன்னேன். அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறத நீங்க நிறுத்துறீங்க. நான் படிக்காதவ. உங்கள நம்புறதத் தவிர வேற வழி தெரியல. ஆனா அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கள நான் சும்மா விடமாட்டேன் மேடம். சொல்லிட்டேன்."

"விடாதீங்க" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சதையைத் தளர்த்தும் ஊசியைக் குறைந்த அளவில் போட்டோம். பிறகு கால்சியம். அதில் அவசரப்படக் கூடாது. இதயத் துடிப்பு ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டே, நானே சிரிஞ்சைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். "உடம்பெல்லாம் சூடாவுதுங்க" என்றார் முனிராஜ். "ஆகும், பயப்படாதீங்க." வலிக்கும் தனியாக மருந்து கொடுத்தோம். கையில் வெந்த இடத்தைக் கழுவிக் கட்டினோம்.

அடுத்த பிடிப்பு வந்தது. முதுகு எழும்பியது, ஆனால் முன்போல் வளையவில்லை. அதற்கடுத்தது வர நேரமானது. வந்தபோது தோளோடு நின்றுகொண்டது. நான் எழுந்து போய்க் காபி குடிக்கலாமா என்று யோசித்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

பெயிண்ட் பக்கெட்

இதற்கு நடுவில் கோவிந்தசாமியை அனுப்பியிருந்தேன். ஓரமாகத் தள்ளி வைத்த கட்டையைப் பாருங்கள், பொந்துக்குள் கை விடாதீர்கள், என்ன இருக்கிறதோ உயிரோடு வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "தட்டாதீங்க, சுடாதீங்க" என்று சேர்த்துச் சொன்னேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பெயிண்ட் பக்கெட்டைச் சாமி தூக்குவதுபோல் நடுவில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"பொந்துக்குள்ள டார்ச் அடிச்சா ஒண்ணுமே தெரியல மேடம். நீளமா ஒரு ஈர்க்குச்சிய விட்டு ஆட்டினோம். பாஞ்சு வந்துச்சு பாருங்க! நான் கட்டை மேல ஏறிட்டேன்."

எட்டிப் பார்த்தேன்.

விரித்த உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலந்தி. சாம்பல் நிற உடம்பில் வெள்ளையும் கறுப்புமாக இழை இழையாகக் கோலம். வலையை விரலால் தட்டினேன். சடாரென்று முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றது. காலின் அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள். துண்டில் நசுங்கி வந்த அந்தப் பழைய சிலந்தியின் காலிலும் இதே மஞ்சளைத்தான் பார்த்திருந்தேன்.

"ரத்னம்மா, இங்க வாங்க!" என்று கத்தினேன். அவர் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதா?"

"இதேதான்."

"இதுக்குப் போயா அவரு கழுத்துல ஓட்ட போட இருந்தாங்க?" என்றார். அப்புறம்தான் அழுதார். அதுவரை அழாததையும் சேர்த்து அழுதார்.

கார்த்திக் விலங்கியல் பேராசிரியர் ஒருவருக்குப் படம் அனுப்பினார். மரத்தில் வாழும் பெருஞ்சிலந்திதான் என்று பதில் வந்தது. ஆட்கள் அதை அடிக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. பொந்தோடு சேர்த்து அதன் வீட்டையே வெட்டிக் கொண்டுவந்தது நாம், கை விட்டதும் நாம். அது தன் வீட்டுக்குள் வந்த கையைக் கடித்தது. வக்கீல் தொழிலை நான் அன்றும் விடவில்லை. மறுநாள் ஆள் நடமாட்டமில்லாத ஒரு பழைய மரத்தில் அதைக் கொண்டுபோய் விட்டார்கள்.

கோவிந்தசாமிக்கு மட்டும் ஒன்று சொன்னேன். இனிமேல் யாருக்கு எது குத்தினாலும் தட்டுவதும் சுடுவதும் கிடையாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயத்தை அப்படியே என்னிடம் கொண்டுவர வேண்டும். "சரிங்க மேடம்" என்றார். அவர் சொல்லைக் காப்பாற்றினார். இப்போதெல்லாம் அந்தப் பட்டறையிலிருந்து வருகிறவர்கள் காயத்தைக் கழுவி, குத்திய ஆணியையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்பதில்லை.

முனிராஜுக்கு அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் அவ்வப்போது சதை பிடித்தது. கெண்டைக்காலில், விலாவில், திடீர் திடீரென்று. மாத்திரையிலேயே அடங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய சாயங்காலத்தை.

சாயங்காலம்

ஆம்புலன்ஸ் டிரைவரை அனுப்பிவிட்டோம். முனிராஜ் நன்றாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். பசிக்கிறது என்றார். எதிரில் இருக்கும் மெஸ்ஸிலிருந்து ரத்னம்மா களியும் கீரைக் குழம்பும் வாங்கி வந்தார். அப்போது என் போன் அடித்தது. ஹேமா.

"என்னடி, கெளம்பிட்டீங்களா? பெட்டக் கேட்டு இங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க."

வார்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தேன்.

"குடுத்துடுடி. யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் குடுத்துடு."

அவள் பயந்துவிட்டாள். "ஏய், என்ன ஆச்சு? ஆளு எங்க?"

"சம்மணம் போட்டு உக்காந்து களி சாப்பிடுறாரு."

"யாரு ஊட்டுறாங்க?"

"யாரும் ஊட்டல. அவரே சாப்பிடுறாரு. வலது கையால, போட்ட கட்டோடயே."

அவள் சிரித்தாள், கல்லூரி விடுதியில் சிரித்ததுபோல் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவி, ஜெயிச்சுட்டடி" என்று போனை வைத்தாள்.

காரிடாரில் அப்போது யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். இத்தனை வருட சர்வீஸில் ஆஸ்பத்திரிக்குள் நான் விசில் அடித்தது அன்றைக்குத்தான்.

உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு விசில் வந்தது. என்னுடையதைவிடச் சத்தமாக, நீளமாக. முனிராஜுக்கு அதற்குள் இவ்வளவு தெம்பா என்று எட்டிப் பார்த்தேன். அவர் களி உருண்டையைக் கையில் பிடித்தபடி, வாயைப் பிளந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்னம்மா இன்னும் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை.